தேர் வருமுன் எண்ணிப் பார்த்தது யார்?

கன்றின்மீது தேர் ஏறியது. பசு மணியை அசைத்தது. மன்னன் தன் மகனைத் தேர்க்காலில் இட்டான். மனுநீதிச் சோழனின் இந்தக் கதையை மேடைதோறும் சொல்லியிருக்கிறோம். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே அவனுக்குச் சிலையும் உண்டு. கதை உண்மையா, கற்பனையா என்ற வழக்கைப் புலவர்களிடம் விட்டுவிடுவோம். நான் கேட்பது வேறு. திருவாரூர் வீதியிலே கன்றுகள் திரியும் என்பது அரண்மனைக்குத் தெரியாதா? அந்த வீதியில் தேர் விடலாமா, எந்த நேரத்தில் விடலாம், எவ்வளவு விரைவில் விடலாம் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்க ஓர் அமைச்சன்கூட அங்கே இல்லையா? தண்டனையிலே தவறாத மன்னன், கணக்கிலே தவறினான்!

சோழன் பெயரைச் சுமந்து நிற்கும் ஊரொன்று இராசபாளையத்துக்குத் தெற்கே இருக்கிறது: சோழபுரம். அங்கே அரண்மனையும் இல்லை, ஆராய்ச்சி மணியும் இல்லை. தேர்கள் மட்டும் பெருகிவருகின்றன.

மதுரையை அடுத்த திருமங்கலத்திலிருந்து இராசபாளையம் வரை, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவுக்கு, 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை நான்குவழியாக்கும் திட்டத்தைத் தோழர்கள் அறிவர். சாலை வேண்டாமென்று சொல்ல நாம் பித்தர்களல்லர். பஞ்சாலையும், சத்திரப்பட்டியின் மருத்துவத் துணியும் வாழ வழி வேண்டும். ஆனால், அந்த அகன்ற சாலை தெற்கு வெங்காநல்லூர் அருகே, இராசபாளையத்தின் வாசலிலே முடிகிறதே! வாய்க்கால் முடிந்தால் வெள்ளமும் முடிந்துவிடுமா? செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு என்று கேரளம் நோக்கிக் கல்லும் மணலும் ஏற்றிச் செல்லும் லாரிகள் வானத்திலா பறக்கும்? தெற்கே நான்குவழியை நீட்ட வகுத்த பாதை வயல்களை விழுங்குமென்று உழவர்கள் எதிர்த்தார்கள். எதிர்ப்பிலே நியாயம் உண்டு. அதுவரை பாரத்தைச் சுமப்பது யார்? கடைத்தெருவும், தெற்கத்திச் சிற்றூர்களும், மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் சிறுமியும், விடியற்காலை முறைக்கு ஆலைக்கு நடக்கும் தாயும்தான்.

எண்ணிப் பார்க்கவில்லையா என்று கேட்டால், சட்டத்தைக் காட்டுவர். 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைப் படித்துப் பாருங்கள். கட்டடம் 20,000 சதுர மீட்டரை எட்டினால்தான் முன் அனுமதி. 19,000 என்று வரைபடம் போட்டவர் அந்த வலையில் சிக்குவதில்லை. இருக்கும் தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதோ, 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 100 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் அந்த வாசலுக்கு வரும். 70 எங்கே, 100 எங்கே!

இனி, எண்ணும் முறையைக் கேளுங்கள். வேடிக்கை அங்கேதான் இருக்கிறது. சாலையோரம் அமர்ந்து வாகனங்களை எண்ணி, எல்லாவற்றையும் காராக மாற்றிக் கணக்கிடுகிறார்கள். இந்தியச் சாலைக் காங்கிரசு 1990-இல் வெளியிட்ட ஊரகச் சாலை வழிகாட்டியின்படி லாரி 3 கார். மிதிவண்டி அரைக் கார். மாட்டுவண்டி 8 கார்! மாடு பூட்டியவன் எட்டு மடங்கு இடைஞ்சல். நடந்து போகிறவனுக்கு? அந்தப் பட்டியலில் எண்ணே இல்லை. காலால் நடப்பவன் கணக்கிலே இல்லாத நாட்டில், சாலையின் கொள்ளளவு என்பது யாருடைய கொள்ளளவு?

இங்கிலாந்திலே 1963-இல் காலின் புக்கானன் தலைமையில் ஓர் அறிக்கை வந்தது. ஒரு தெருவில் எத்தனை வண்டிகள் ஓட முடியும் என்பதோடு நில்லாமல், அங்கே மனிதர் வாழ்வு கெடாதிருக்க எத்தனை வண்டிகளுக்கு இடங்கொடுக்கலாம் என்றும் அது கேட்டது. சிங்கப்பூரிலோ பெரிய கட்டடம் எழுப்புவோர் போக்குவரத்துத் தாக்க மதிப்பீட்டைத் தாமே செய்து அரசிடம் தரவேண்டும்.

நம் நாட்டுக் கதை? கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைப் பாருங்கள். 2019-இல் ஓர் ஆட்சி அடிக்கல் நாட்டியது; 2023 டிசம்பர் 30-இல் மற்றோர் ஆட்சி திறந்தது. திறந்த நாளில் அங்கே இரயில் நின்று செல்ல நிலையம் இல்லை! பெட்டியும் படுக்கையுமாய், கைக்குழந்தையோடு வந்திறங்கிய மக்கள் நகருக்குள் போக மீண்டும் சாலையைத்தான் நம்பினர். தண்டவாளமோ கூப்பிடு தூரத்தில். அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் இடையே கிடைத்த ஆண்டுகளில், இந்தக் கணக்கைக் கேட்டு இரு தரப்புத் தொண்டர்களில் எவரேனும் கொடி பிடித்தோமா? தோரணம் கட்டுவதில்தான் போட்டி!

ஆகவே தோழர்களே, வளர்ச்சித் திட்டம் எதுவாயினும், அது வணிக வளாகமோ, வீட்டுமனைப் பிரிவோ, நெடுஞ்சாலையோ, அனுமதிக்கு முன்பே போக்குவரத்துக் கணக்கு வரவேண்டும், தமிழிலே வரவேண்டும், ஊராட்சி அலுவலகச் சுவரிலே ஒட்டப்படவேண்டும். தெருவை அகலப்படுத்தவும் நடைபாதை போடவும் ஆகும் செலவை, நெரிசலை விளைவிப்பவரே தரவேண்டும். ஊராட்சி வரிப்பணத்தில் கைவைக்கக் கூடாது.

இதற்குத் தில்லிவரை போகவேண்டியதில்லை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. கையெழுத்திட்டுவிட்டுக் கலைந்துவிடாதீர்கள். அதற்கு முந்திய வாரத்தில் நான்கு பேர் சேர்ந்து, காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை உங்கள் ஊர் விலக்கிலே அமர்ந்து எண்ணுங்கள். லாரியை எண்ணுங்கள், பேருந்தை எண்ணுங்கள், சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் கிழவியையும் எண்ணுங்கள். அந்தத் தாளைத் தீர்மானத்தோடு இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். ஒரு படி நம் அலுவலகத்துக்கும் வரட்டும்.