கண்டன அறிக்கை: மருத்துவமனையில் இருந்த குழந்தைகளைச் செய்தியாக்கிய முறை குறித்து

கொரோனா காலத்தில் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிச் செய்தி ஊடகங்களில் ஒரு பகுதி நடந்துகொண்ட முறையை, குழந்தைகள் வார்டுகளில் பணியாற்றும் மருத்துவர்களும் செவிலியர்களும் அடங்கிய எங்கள் சங்கம் கண்டிக்கிறது.

2021 மே மாதம், இரண்டாம் அலை ஓயும் முன்பே, மூன்றாம் அலை குழந்தைகளைத்தான் தாக்கும் என்று செய்தி வெளியிடப்பட்டது. அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்று இந்தியக் குழந்தை மருத்துவ அகாதெமி அதே மாதம் எழுத்துமூலம் தெரிவித்தது. அப்போதைய எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியாவும் அதற்கு ஆதாரம் இல்லை என்றார். அதன் பிறகும் அச்செய்தி மாதக்கணக்கில் ஓடியது.

மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் மாவட்டத்தில் அம்மாதம் சுமார் 8,000 சிறாருக்குத் தொற்று என்ற எண் நாடு முழுவதும் பரப்பப்பட்டது. அது மாவட்டத்தின் மொத்தத் தொற்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்பது பல தலைப்புகளில் இல்லை.

ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) நடத்திய நான்காவது ரத்தப் பரிசோதனை ஆய்வில், 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 57.2 விழுக்காட்டினருக்கு ஆன்டிபாடி இருந்தது. அவர்களுக்கு அப்போது தடுப்பூசி கிடையாது. பாதிக்கு மேற்பட்டோர் தொற்றைக் கடந்துவிட்டிருந்தனர். இனிமேல்தான் குழந்தைகளுக்கு வரப்போகிறது என்ற செய்தி நிறுத்தப்படவில்லை.

உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்தில் குழந்தைகள் காய்ச்சலால் இறந்தபோது அதற்கு ‘மர்மக் காய்ச்சல்’ என்று பெயரிட்டார்கள். பெரும்பாலான இறப்புகளுக்கு டெங்குவே காரணம் என்று செப்டம்பரில் ஐசிஎம்ஆர் தலைமை இயக்குநர் அறிவித்தார். கொசுவைப் பற்றி எச்சரிக்க வேண்டிய நாட்கள் மர்மத்தைப் பற்றிப் பேசுவதில் கழிந்தன.

ஒமிக்ரான் பரவிய 2022 ஜனவரியில், கை முறிந்து வந்த குழந்தைக்கும் குடல்வால் அறுவைக்கு வந்த குழந்தைக்கும் சேர்க்கும்போது பரிசோதனை செய்யப்பட்டது. தொற்று தெரிந்தால் அவர்களும் கொரோனாக் கணக்கில் சேர்ந்தார்கள். தொற்றால் வந்தவர் எத்தனை பேர், தொற்றோடு வந்தவர் எத்தனை பேர் என்று எங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கேட்டிருந்தால் இதையும் சொல்லியிருப்போம். தொற்று வந்து 2 முதல் 6 வாரங்களில் சில குழந்தைகளுக்குப் பல்லுறுப்பு அழற்சி வருகிறது. விடாத காய்ச்சல், கண் சிவப்பு, தடிப்பு, வயிற்றுவலி ஆகியவை அதன் அடையாளங்கள். அரிதாக வருவது, இதயத்தைத் தாக்கக்கூடியது, உரிய நேரத்தில் அழைத்துவந்தால் சிகிச்சை உண்டு. பெற்றோருக்கு வேண்டியிருந்த செய்தி அதுதான்.

எங்கள் உறுப்பினர்கள் பணியாற்றும் வார்டு ஒன்றின் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குழந்தையைப் படம் எடுத்து ஒளிபரப்பினார்கள். மூக்கை மூடிய ஆக்சிஜன் மாஸ்க், அட்டை வைத்துக் கட்டிய கையில் சலைன் ஊசி, கட்டிலின் தலைமாட்டில் பெயர்ச்சீட்டு. முகம் மறைக்கப்படவில்லை. பெயரும் மறைக்கப்படவில்லை. பெற்றோரின் அனுமதி பெறப்படவில்லை. மூன்றாம் நாள் தாய் எங்களிடம், “பால்காரர்கூட எங்க தெருப் பக்கம் வர்றதில்லையாம், நாங்க எப்படி ஊருக்குப் போறது?” என்று கேட்டார்.

குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையோ முகவரியையோ பள்ளியையோ படத்தையோ வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடை செய்கிறது. நோயுற்ற குழந்தைக்கு அதே காப்பை அளிக்க ஓர் ஊடகத்தின் ஆசிரியர் குழு சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

படம் எடுக்க வழிவிட்டவர் எங்கள் உறுப்பினரே என்றாலும் இக்கண்டனம் அவருக்கும் பொருந்தும். நோயாளியைப் பற்றி அறிந்ததை வெளியிடாதிருப்பது எங்கள் தொழிலின் முதல் கடமை.

அந்தக் குழந்தை ஒன்பதாம் நாள் குணமாகி வீடு திரும்பியது. அது செய்தியாகவில்லை. படத்தை நீக்கும்படி இருமுறை எழுதினோம். இவ்வறிக்கை வெளியாகும் நாள்வரை அது நீக்கப்படவில்லை.