க்ராஃபோர்டும் உசிக்கும் மோதினால்?

2025 செப்டம்பரில் டெரன்ஸ் க்ராஃபோர்ட் இரண்டு எடைப்பிரிவு மேலே ஏறிப் போய் கனேலோ அல்வாரெஸைப் புள்ளிகளில் ஜெயிச்சார். உடனே ஆரம்பிச்சுட்டீங்க: "அடுத்து ஹெவிவெயிட் உசிக்கையும் தூக்கிடுவார் பாரு!"

கொஞ்சம் பொறுங்க. இன்ஜினியரிங் படிக்கிறவங்கதானே, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சின்ன உடம்பு பெரிய உடம்பை ஜெயிச்சது உண்டு. 2003ல் ராய் ஜோன்ஸ் 193 பவுண்டு, எதிரில் ஜான் ரூயிஸ் 226. ஜோன்ஸ்தான் ஜெயிச்சார். 2024 மே மாசம் டைசன் ஃப்யூரியை உசிக் தோற்கடிச்சப்ப, ஃப்யூரி கிட்டத்தட்ட 40 பவுண்டு அதிகம். ரெண்டு மேட்ச்லயும் எதிராளி சுமார் 17 சதவீதம்தான் கனம். க்ராஃபோர்ட் கனேலோவோடு மோதின பிரிவு 168 பவுண்டு. உசிக் 220க்கு மேல. வித்தியாசம் 30 சதவீதத்தைத் தாண்டுது, ஏறக்குறைய டபுள்!

"எடையை ஏத்திக்கட்டுமே"ன்னு கேப்பீங்க. ஏத்தலாம். ஆனா க்ராஃபோர்டோட ஆயுதமே டைமிங்கும் கால் வேகமும்தான். 40 பவுண்டு கூடுதலா சுமந்துட்டு ஏழாவது ரவுண்டில் அந்தக் கால் எப்படி ஓடும்? ஜோன்ஸும் ஏறி இறங்கினவர்தான். 2004ல் ஆன்டோனியோ டார்வர் அவரை ரெண்டாவது ரவுண்டிலேயே சாய்ச்சார். (வயசும் ஒரு காரணம், ஒத்துக்கறேன்.)

'பவுண்ட் ஃபார் பவுண்ட்' பட்டியல், எடையை ஓரம் வெச்சுட்டு திறமையை மட்டும் ஒப்பிட உண்டான கற்பனை. அதில் க்ராஃபோர்டை முதலிடத்தில் வைங்க, சண்டைக்கு வரமாட்டேன். ரிங்குக்குள்ள என் ஓட்டு உசிக்குக்கு, அதுவும் ஆறு ரவுண்டுக்குள்ள. இல்லைங்கிறவங்க கணக்கோட வாங்க.