ஆலன் துப்பாக்கிச்சூடு: இரண்டு வருஷம் தாண்டியும் விடாத பயம்

டெக்சாஸில் 2025 ஆகஸ்டில் பள்ளிகள் திறந்தபோது ஒரு புதுச் சட்டமும் கூடவே வந்தது. காலை மணி அடித்ததிலிருந்து கடைசி மணி வரை அரசுப் பள்ளி மாணவர்கள் செல்போனைத் தொடக் கூடாது. நல்ல சட்டம்தான். வகுப்பில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்ப்பதை எந்த அப்பா, அம்மா ஆதரிப்பார்கள்? ஆனாலும் எங்கள் பகுதித் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் இதே பேச்சுதான். "எல்லாம் சரிங்க, ஏதாவது ஆச்சுன்னா புள்ள நம்மள எப்படிக் கூப்பிடும்?" அந்த "ஏதாவது" என்ன என்று யாரும் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். டாலஸுக்கு வடக்கே பிளேனோ, ஃபிரிஸ்கோ, ஆலன், மெக்கின்னி என்று அடுத்தடுத்து ஊர்கள். ஐடி வேலைக்கு வந்த நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கும் பகுதி. நல்ல ஸ்கூல், புது வீடு, பக்கத்திலேயே கோவில், தெரு முனையில் தோசை மாவு விற்கும் கடை. "சேஃப் ஏரியா" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லித்தான் இங்கே வீடு வாங்கினோம். ஆலனில் இருக்கும் பிரீமியம் அவுட்லெட்ஸ் மால் எங்களுக்கெல்லாம் பாண்டி பஜார் மாதிரி. ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்தால் அங்கே கூட்டிப் போவோம். ஊருக்குக் கிளம்பும் முன் சித்தப்பாவுக்கு ஷூ, மச்சினிக்கு ஹேண்ட்பேக் எல்லாம் அங்கேதான்.

2023 மே 6, சனிக்கிழமை மதியம், அந்த மாலில் காரை விட்டு இறங்கிய ஒருவன் கண்ணில் பட்டவர்களைச் சுட ஆரம்பித்தான். 8 பேர் இறந்தார்கள். அதில் 3 குழந்தைகள். நம் நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை பார்த்த இளம் பொறியாளர் ஒருவரும் அதில் உண்டு. வேறு ஏதோ வேலையாக அங்கே வந்திருந்த ஒரு போலீஸ்காரர் ஓடிப் போய் அவனைச் சுட்டுக் கொன்றார். எல்லாம் சில நிமிடங்களுக்குள். மனநலக் காரணத்தால் ராணுவத்திலிருந்து 2008இல் அனுப்பப்பட்டவன் அவன். கையிலும் காரிலுமாக 8 துப்பாக்கிகள் வைத்திருந்தான். எல்லாமே சட்டப்படி வாங்கியவை என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

மே மாதம் முடிவதற்குள் மால் மறுபடி திறந்துவிட்டது. எங்களுக்குள் இருக்கும் பயத்துக்குத்தான் மூடும் தேதி எதுவும் வரவில்லை.

நான் இன்ஜினியர். எண்ணிக்கையைப் பார்த்துத்தான் எதையும் எடை போடப் பழகியவன். அமெரிக்காவில் 2022இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 48,000 பேர். அதில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். மால், பள்ளி, கோவில் என்று பொது இடத்தில் புகுந்து சுடுவதால் சாகிறவர்கள் மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. அதே 2022இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 42,000க்கும் மேல். அப்படியும் தினமும் காரை எடுத்துக்கொண்டு 75 மைல் வேகத்தில் போகிறோம், பயமில்லை. அப்படியானால் இந்தப் பயம் கணக்குத் தெரியாத பயமா?

இல்லை என்றுதான் நினைக்கிறேன். காரில் ஏறும்போது பெல்ட் போடுகிறேன், வேகத்தைக் குறைக்கிறேன், ஆபத்தில் ஒரு பகுதியாவது என் கையில் இருக்கிறது. மாலில் ஐஸ்கிரீம் வாங்க வரிசையில் நிற்கும்போது என் கையில் என்ன இருக்கிறது? இன்னொரு கணக்கும் உண்டு. 2020 முதல் இந்த நாட்டில் 1 வயதிலிருந்து 19 வயது வரையுள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி. சாலை விபத்தையே அது முந்திவிட்டது. "ரொம்ப அபூர்வம்பா, டென்ஷன் ஆகாதே" என்று சொல்பவர்கள் இந்த வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்தப் பயம் அழுகையாகவோ தூக்கமின்மையாகவோ இருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். அது பழக்கமாக மாறிவிட்டது. ரெஸ்டாரண்டில் வாசலைப் பார்த்த மாதிரி இருக்கிற நாற்காலியில்தான் என் நண்பர் உட்காருவார். சினிமாவுக்குப் போனால் வெளியேறும் வழி எது என்று முதலில் கண் தேடும். தீபாவளிக்கு வெடிச்சத்தம் கேட்டால் கை தட்டியவர்கள் நாம். இங்கே ஜூலை 4ஆம் தேதி பட்டாசுச் சத்தத்துக்கு ஒரு நொடி எல்லாரும் தலையைத் திருப்பி, அப்புறம் அசடு வழியச் சிரிக்கிறோம். காலை வைத்தால் மினுக் மினுக்கென்று எரியும் ஷூவைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தர வேண்டாம் என்று முடிவெடுத்த அம்மாக்கள் எங்கள் அபார்ட்மென்டிலேயே இருவர். இருட்டில் ஒளிந்திருக்கும்போது காலில் விளக்கு எரியக் கூடாதாம்.

பள்ளியில் 'லாக்டவுன் டிரில்' உண்டு. கதவைப் பூட்டு, விளக்கை அணை, கண்ணில் படாமல் ஒளிந்துகொள். இதைச் சின்ன வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுக்கிறார்கள். என் மகள் இரண்டாம் வகுப்பு. போன வருஷம் கோவிலில் அர்ச்சனைக்கு நின்றபோது என் காதருகே வந்து, "அப்பா, இந்தக் கதவுக்கு லாக் எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவள் பயந்து கேட்கவில்லை. பாடத்தில் வந்ததை இன்னோர் இடத்தில் பொருத்திப் பார்த்தாள், அவ்வளவுதான். எனக்குத்தான் அன்றைக்கு அர்ச்சனையில் என்ன பேர், என்ன நட்சத்திரம் சொன்னேன் என்றே நினைவில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 மே 24 அன்று இதே டெக்சாஸில் யுவால்டி ஊர்ப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். 376 போலீஸ்காரர்கள் வந்தும் 77 நிமிடம் கழித்துத்தான் உள்ளே போய்ச் சுட்டவனை முடித்தார்கள். அதற்குப் பிறகு 2023இல் வந்த சட்டங்கள், ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் துப்பாக்கி ஏந்திய காவலர் ஒருவர், ஒவ்வொரு வகுப்பிலும் சத்தமில்லாத அபாய பட்டன் என்றன. அதற்கு ஒதுக்கியது வளாகத்துக்கு ஆண்டுக்கு 15,000 டாலர், தலைக்கு 10 டாலர். ஒரு காவலரின் சம்பளத்துக்குக்கூட இது போதாது என்று பள்ளி மாவட்டங்கள் கையைப் பிசைந்தன.

துப்பாக்கி வாங்கும் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். யுவால்டியில் சுட்டவன் 18 வயது முடிந்த சில நாட்களில் கடையில் போய் ரைபிள் வாங்கியவன். அந்த வயதை 21 ஆக்க வேண்டும் என்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் மாதக்கணக்கில் சட்டசபைக்கு நடையாய் நடந்தார்கள். ஆலன் சம்பவம் நடந்து இரண்டே நாளில், மே 8 அன்று, அந்த மசோதா குழுவில் 8க்கு 5 என்று தேறியது. எல்லாருக்கும் ஆச்சரியம். அடுத்த நாளோடு கெடு முடிந்தது. மசோதா சபைக்கு வரவே இல்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கும்பகோணம் ஞாபகம் வரும். 2004 ஜூலை 16, பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள். நான் அப்போது பிளஸ் ஒன். எங்கள் பள்ளியிலும் கீற்றுக் கொட்டகையில் வகுப்பு நடந்தது. சில வாரங்களில் அதைப் பிரித்துப் போட்டார்கள். தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. வழக்கில் தீர்ப்பு வர 2014 ஆனது, அந்தக் கொடுமை வேறு. ஆனாலும் எதைப் பார்த்து எங்கள் அம்மாக்கள் பயந்தார்களோ, அது கண் முன்னால் கீழே இறங்கியது. இங்கே கூரை அப்படியே இருக்கிறது. பிள்ளைகளுக்குத்தான் தீயில் ஓடப் பயிற்சி கொடுக்கிறோம்.

"மாலில் அவனை நிறுத்தினதே ஒரு துப்பாக்கிதானே சார்?" என்று கேட்பவர்கள் நம்மவர்களிலேயே உண்டு. நியாயமான கேள்வி. அந்தப் போலீஸ்காரர் இல்லையென்றால் எண்ணிக்கை எங்கேயோ போயிருக்கும். ஆனால் பயிற்சி பெற்றவர், அந்த இடத்திலேயே இருந்தவர், அவர் ஓடி வருவதற்குள்ளேயே 8 உயிர் போய்விட்டதே? கிரீன் கார்டு வந்ததும் துப்பாக்கி வாங்கிய நண்பர்கள் எனக்கு இரண்டு பேர். (எச்-1பி விசாவில் இருப்பவர்கள் வேட்டை லைசென்ஸ் போன்ற ஒரு சில விதிவிலக்கு இருந்தால்தான் வாங்க முடியும்.) வாங்கியதிலிருந்து அவர்களுக்குத் தூக்கம் நன்றாக வருகிறதாம். அந்தத் தற்கொலைக் கணக்கைத்தான் நான் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வீட்டில் துப்பாக்கி இருந்தால், மனம் உடைந்த ஒரு ராத்திரியில் அது வீட்டு ஆளையே எடுத்துவிடும் வாய்ப்பு அதிகம். டீன் ஏஜ் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இது சும்மா பேச்சில்லை.

நம்மவர்களின் இன்னொரு வழி, பேசாமல் இருப்பது. ஊரிலிருந்து அம்மா போன் செய்து, "டிவியில காட்டுறானே, உங்க வீட்டுப் பக்கமாடா?" என்றால், "இல்லம்மா, ரொம்ப தூரம்" என்கிறோம். ஆபீஸில் பேசினால் அரசியல் என்பார்கள் என்ற தயக்கம். விசா புதுப்பிக்கும் நேரத்தில் எதற்கு வம்பு என்ற கணக்கு. ஓட்டும் கிடையாது. ஆக, அவரவர் வீட்டுக்குள் அவரவர் பயம். அபார்ட்மென்ட் விட்டு அபார்ட்மென்ட் போனால் அதே பயம்தான் இருக்கிறது. ஆனால் யாருடைய மனுவிலும் அது ஏறவில்லை.

ஓட்டு இல்லாதவர்களுக்கு வாயும் இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. டெக்சாஸில் பள்ளி வாரியக் கூட்டம் எல்லாருக்கும் திறந்தது. அஜெண்டாவில் உள்ள விஷயத்தைப் பற்றிப் பொதுமக்கள் பேசலாம். 2019 முதல் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. பாஸ்போர்ட் என்ன நிறம் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டு வரி கட்டுகிறோம், அந்தப் பணத்தில்தான் பள்ளி ஓடுகிறது. கேட்பதற்கும் நிறைய இருக்கிறது. டிரில் நடக்கும் நாளைப் பெற்றோருக்கு முன்கூட்டிச் சொல்வார்களா? ஏழு வயதுப் பிள்ளைக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கும் ஒரே டிரில்தானா? கதவுப் பூட்டுகளைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? போன் இல்லாத நேரத்தில் ஏதாவது நடந்தால் பெற்றோருக்கு எத்தனை நிமிடத்தில் தகவல் வரும்? துப்பாக்கியைப் பூட்டி வைப்பது பற்றி வீடுகளுக்கு ஒரு கடிதமாவது அனுப்புவார்களா?

போன மாதக் கூட்டத்துக்கு நானும் இன்னும் மூன்று பேரும் போனோம். ஸ்பெல்லிங் பீ பயிற்சி வகுப்புக்கு அன்றைக்கு அதே நேரத்தில் வந்திருந்த தமிழ்க் குடும்பங்கள் நாற்பதுக்குக் குறையாது. பூட்டு பற்றிய கேள்விக்கு எழுத்தில் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் பேசவும் பெயர் கொடுத்திருக்கிறோம், ஆளுக்கு மூன்று நிமிடம்.