திரும்பி வராத வரிப் பணம்

வருமான வரி என்றாலே அது துரைமாருக்கும் முதலாளிமாருக்கும் உரிய சங்கதி என்று தோட்டத்துத் தோழர்கள் பலர் இன்னமும் எண்ணுகிறார்கள். பால் மரம் சீவும் தொழிலாளியின் சம்பளத்தில் வரி விழுவது அபூர்வம் என்பது மெய்தான். ஆனால் கிராணிமார் சம்பளத்திலும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போகும் நம் பிள்ளைகளின் சம்பளத்திலும் மாதாமாதம் பி.சி.பி. என்று ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. 1995-ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் ஏற்பாடு இது.

சம்பளம் ஏறிய மாதத்தில் பிடிப்பும் ஏறுகிறது. பிறகு ஓவர்டைம் நின்றுபோகலாம்; வேலையே போகலாம். காப்புறுதி, மருத்துவச் செலவு ஆகியவற்றுக்கான கழிவுகள் பெரும்பாலும் ஆண்டு முடிந்து பாரம் நிரப்பும்போதுதான் கணக்குக்கு வருகின்றன. அப்போது பார்த்தால், கட்ட வேண்டியதைவிட அதிகம் பிடித்திருப்பது தெரியவரும். அந்த அதிகப் பணம் தொழிலாளியின் சொந்தப் பணம். சர்க்கார் போடும் பிச்சையல்ல.

மின்வழியில் பாரம் அனுப்பியவருக்கு 30 வேலை நாட்களில் திருப்பித் தருவோம் என்பது உள்நாட்டு வருமான வரி வாரியம் தானே கொடுத்திருக்கும் வாக்கு. பின் ஏன் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது?

சில காரணங்கள் நம் பக்கத்தில் இருக்கின்றன. பேங்கு கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலோ, மூடிப்போன கணக்கைக் கொடுத்தாலோ பணம் வராது. பழைய ஆண்டின் வரிப் பாக்கி இருந்தால் அதற்கு வரவு வைத்துவிடுவார்கள். கழிவு கேட்டவரிடம் ரசீது கேட்பதும் நியாயமே. ரசீதுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது.

சங்கம் கவனிக்க வேண்டியது வேறொன்று. சம்பளத்தில் பிடித்த வரியை நிர்வாகம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் வாரியத்தில் கட்ட வேண்டும். கட்டாவிட்டாலும், தவறான பெயரில் கட்டினாலும், இ.ஏ. பாரத்தில் ஒரு கணக்கும் வாரியத்தின் ஏட்டில் வேறு கணக்கும் நிற்கும். குற்றம் நிர்வாகத்தினுடையது, "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் மட்டும் தொழிலாளிக்கு!

கஜானாவே காரணமாக இருந்த காலமும் உண்டு. 2018-இல் நிதியமைச்சராக வந்தவர், அதுவரை பினாங்கு முதலமைச்சராக இருந்த லிம் குவான் எங். திருப்பித் தர வேண்டிய ஜி.எஸ்.டி. பாக்கி மட்டும் சுமார் 1,940 கோடி வெள்ளி என்று அவர் அறிவித்தார். வருமான வரிப் பாக்கியையும் சேர்த்தால் 3,500 கோடிக்கு மேல். திருப்பிக் கொடுப்பதற்கென்று தனி நிதி இருந்தும், அதில் போதிய பணம் போடப்படவில்லை. கடைசியில் பெட்ரோனாஸ் 2019-இல் கொடுத்த 3,000 கோடி வெள்ளி விசேஷ லாபப் பங்கைக் கொண்டுதான் கடன் தீர்க்க வேண்டியதாயிற்று. அத்தனை காலமும் பணத்துக்கு உரியவன் தன் பாரத்தில்தான் ஏதோ பிழை என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பான்.

சட்டத்தின் தராசையும் பாருங்கள். வரி கட்டத் தவறினால் உடனே 10 விழுக்காடு அபராதம். சர்க்கார் தாமதித்தாலோ, மின்வழியில் கெடுவுக்குள் பாரம் அனுப்பியவருக்கு, கெடு கழிந்து 90 நாட்கள் போன பிறகே ஈட்டுத்தொகை கணக்கு தொடங்கும். அதுவும் ஆண்டுக்கு 2 விழுக்காடு. 600 வெள்ளி பாக்கிக்கு நம்மிடம் 60 வெள்ளி அபராதம். அதே 600-ஐ அவர்கள் மேலும் இரண்டு மாதம் வைத்துக்கொண்டால் நமக்குச் சுமார் இரண்டு வெள்ளிதான் தேறும்.

பரிசீலனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எதைப் பரிசீலிக்கிறார்கள், எந்தத் தாள் வேண்டும் என்பதை எழுத்தில் சொல்லட்டும். ஒரு கழிவில் சந்தேகம் என்றால் அதை மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியைக் கொடுக்கட்டும். ஒருவன் ஒரு நாள் சம்பளத்தை இழந்து, நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை எதற்கு?

கிராணித் தோழர்கள் இதில் கைகொடுக்க வேண்டும். பாரம் புரியாத தோழரின் இ.ஏ. பாரத்தையும் பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிடித்த தொகை இரண்டிலும் ஒத்துவராவிட்டால் அந்தத் தாள்களைச் சங்கக் கிளைக்குக் கொண்டுவாருங்கள். நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதைச் சங்கம் கேட்கும்.