6,500 ரூபாய்க்கு ஒரு வயர்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் கிடைக்கிற புண்ணியத்தில் பிழைப்பு ஓடுகிறது. போன தீபாவளிக்கு அப்பா மன்னார்குடியிலிருந்து வந்தார். வயது 78, காது கொஞ்சம் மந்தம். பொழுதுபோக்கு பழைய படங்கள்தான். டிவியில் வசனம் புரியவில்லை என்று அவர் நொந்துகொள்ள, அரியர்ஸ் வந்த தைரியத்தில் ரிசீவரும் 5.1 ஸ்பீக்கர் செட்டும் வாங்கக் கிளம்பினேன்.

பெரிய ஷோரூம். பெயர் வேண்டாம். பில் போடும் நேரத்தில் விற்பனைப் பையன் ஆரம்பித்தான். "சார், லட்ச ரூபாய்க்கு வாங்கிட்டு சாதா கேபிளா போடுவீங்க?" 2 மீட்டர் ஹெச்டிஎம்ஐ கேபிள் 6,500 ரூபாய். தங்க முலாம், வெல்வெட் பெட்டி. கலர் தூக்கலாகத் தெரியுமாம், கறுப்பு இன்னும் கறுப்பாகுமாம். ஸ்பீக்கர் வயர் மீட்டர் 450.

கார்டைத் தேய்த்துவிட்டேன். அந்தக் குரலில் நான் ஏமாந்ததுதான் வெட்கம். ஏனென்றால் அது என் குரல். "இவ்வளவு பெரிய வீட்டுக்கடன் எடுக்கறீங்க, கூட ஒரு பாலிசி போட்டுக்கலையா?" என்று நானும்தான் கேட்கிறேன். எனக்கும் டார்கெட் உண்டு. பெரிய செலவு செய்தவன் மனசில் சின்ன பயத்தைக் கிள்ளிவிட்டால் போதும், மீதியை அவனே பார்த்துக்கொள்வான்.

வீட்டில் மாட்டினோம். பாஸ் அதிர்ந்து ஜன்னல் கிடுகிடுத்தது. அப்பாவோ வசனத்துக்கு வசனம், "என்னடா சொல்றான்?" கடைக்குப் போன் போட்டால் பதில்: "இன்னும் உசத்தி வயர் இருக்கு சார், மீட்டர் 900."

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நான் பிசிக்ஸ் படித்தவன் இல்லை, வெறும் பி.காம். ஆனால் கணக்குப் பார்க்கத் தெரியும்.

ஹெச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல் சிக்னல். நெஃப்டில் பணம் அனுப்புகிற மாதிரி. 10,000 ரூபாய் ஏசி கிளையிலிருந்து போனாலும் ஓட்டுக் கட்டடக் கிளையிலிருந்து போனாலும் 10,000 ரூபாய்தான். போய்ச் சேரும், இல்லையென்றால் திரும்பி வரும். பளபளப்பான 10,000 என்று ஒன்று கிடையாது. கேபிள் சரியில்லை என்றால் திரையில் புள்ளி புள்ளியாக மின்னும், படம் விட்டுவிட்டு வரும், அல்லது வரவே வராது. கறுப்பு சாம்பலாகாது. தங்க முலாம் துருப்பிடிக்காமல் இருக்கத்தான்.

பார்க்க வேண்டியது வேகத்தை. 4கே படம் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓட 18 ஜிகாபிட் போதும். அதற்குச் சோதித்துச் சான்றளித்த கேபிளில் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' லேபிள் இருக்கும். சாந்தினி சௌக்கில் எனக்கு 500 ரூபாய்க்குக் கிடைத்தது. சுவருக்குள் பத்துப் பதினைந்து மீட்டர் இழுக்கிறவர்கள் மட்டும் ஆப்டிகல் கேபிளுக்குச் செலவழிக்கலாம். அது நியாயம்.

ஸ்பீக்கர் வயர்? 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.008 ஓம். ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர், 0.08 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது 1 சதவீதம். இதற்கா மீட்டர் 900?

"எனக்கு வித்தியாசம் கேட்குதே, தெரியுதே" என்பவர்களுக்கு ஒன்று. நானும் அப்படித்தான் சொன்னேன். பையன் எதுவென்று சொல்லாமல் 6,500ஐயும் 500ஐயும் மாற்றி மாற்றி பத்து தடவை சொருகினான். ஐந்து சரி, ஐந்து தப்பு. காசைச் சுண்டியிருந்தாலும் அதே மார்க்தான்.

சரி, அப்பாவின் வசனம் எங்கே போனது? 5.1ல் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். கடைக்காரர்கள் அதை டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், மரப்பெட்டிக்குள் தள்ளி வைத்திருந்தார்கள். பேச்சு எங்கள் முழங்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மேலே எடுத்துத் தட்டின் விளிம்புக்கு இழுத்து, அடியில் அட்டையை மடித்துச் செருகி, காதைப் பார்க்கத் திருப்பினேன். ரிசீவரில் நடு ஸ்பீக்கரை 3 டெசிபல் ஏற்றி, சப்வூஃபரை இறக்கினேன். மொசைக் தரையில் ஜமக்காளம் விரித்தேன். இடது ஸ்பீக்கரில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தது, அதையும் சரிசெய்தேன். மொத்தச் செலவு பூஜ்யம்.

விற்பவன் இதையெல்லாம் சொல்ல மாட்டான். இடம் மாற்றி வைப்பதற்குக் கமிஷன் இல்லை, வயருக்கு உண்டு. வாங்கப் போகிறவர்கள் ஸ்பீக்கருக்குச் செலவழியுங்கள், வைக்கும் இடத்துக்கு யோசனையைச் செலவழியுங்கள். பில் போடும் நேரத்தில் வருகிற பயத்துக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள். இதை என் கவுண்டருக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், மேலதிகாரி படித்தாலும் பரவாயில்லை.

அன்று ராத்திரி படம் ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் அப்பாவிடமிருந்து ஒரு கேள்வியும் இல்லை. அப்புறம் திரும்பிப் பார்த்தார். "சத்தத்தைக் கொஞ்சம் கொறைடா, தூங்கறவா தூங்க வேண்டாமா?"

பி.கு: அந்த வெல்வெட் பெட்டியில் இப்போது வீட்டம்மா ஊசி நூல் வைத்திருக்கிறார். 6,500 ரூபாயில் உருப்படியானது அது ஒன்றுதான்.