காயலான் கடைக்காரரே மேல்

"கடல் எப்படியும் அரிச்சிடும். நான் எடுத்ததாலதான் இதாவது மிஞ்சுச்சு." மூழ்கிய கப்பலில் இறங்கி, பித்தளைச் சன்னல் வளையத்தைக் கழற்றிவந்து வரவேற்பறையில் மாட்டியிருக்கும் ஆட்கள் சொல்லும் நியாயம் இது. எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஓர்க்னித் தீவுகளுக்கு நடுவே ஸ்காபா ஃப்ளோ. அங்கே பிரிட்டன் பிடித்துவைத்திருந்த ஜெர்மன் கடற்படை, 1919 ஜூன் 21 அன்று தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்தது. 74 கப்பல்களில் 52 அடியில் போயின. பெரும்பாலானவற்றைப் பின்னர் தூக்கிவிட்டார்கள். மிச்சமிருப்பவற்றில் பெரியவை ஏழு: மூன்று போர்க்கப்பல்கள், நான்கு க்ரூஸர்கள். கோடையிலும் பற்களைத் தந்தியடிக்க வைக்கும் தண்ணீர். ட்ரை சூட் இல்லாமல் 40 மீட்டருக்கு இறங்கி 'மார்க்கிராஃப்' பக்கம் போக நினைப்பது மடத்தனம்.

சரி, கடல் எதை அரிக்கிறது? இரும்பை. இவர்கள் எதைக் 'காப்பாற்றுகிறார்கள்'? பித்தளையையும் பீங்கானையும், அதாவது கடல் அவ்வளவு சீக்கிரம் தின்னாததை. துருப்பிடித்த தகட்டைக் காப்பாற்றிக் கூடத்தில் வைத்த ஒரு மகானை நான் பார்த்ததில்லை. அப்படியே இரும்பை எடுத்துவந்தாலும், உள்ளே ஊறிய உப்பை ஆய்வகத்தில் வைத்து மாதக்கணக்கில், சிலசமயம் வருடக்கணக்கில் வெளியேற்றணும். கராஜில் போட்டால் கடலைவிட வேகமாக உதிரும்.

அதைவிட முக்கியம், இருந்த இடம். அந்தக் கப்பல்களை மூழ்கடித்ததே வால்வுகளைத் திறந்துவிட்டுத்தான். ஒரு வால்வின் கைச்சக்கரம் எந்த அறையில், எவ்வளவு திறந்த நிலையில் நின்றது என்பதுதான் அன்றைய நாளின் லாக். அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் சக்கரம். லாக்கை அழித்துவிட்டு 'பேக்கப் எடுத்தேன்' என்று எவனாவது சொன்னால் என் டீமில் சிரிப்பார்கள்.

"கப்பல் கப்பலாகவே தூக்கி வித்தாங்களே, அது மட்டும் சரியா?" என்று கேட்பார்கள். 1924-இல் தொடங்கி எர்னஸ்ட் காக்ஸ் அப்படித்தான் தூக்கினார். அவர் காயலான் கடைக்காரர். காசு கொடுத்து வாங்கினார், பழைய இரும்பாக விற்றார். வரலாற்றைக் காப்பாற்றுகிறேன் என்று எங்கும் பீற்றிக்கொள்ளவில்லை.

2001 முதல் அந்த ஏழும் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். போய்ப் பார்க்கலாம், எதையும் எடுக்கக்கூடாது. 2019-இல் அந்த மூன்று போர்க்கப்பல்களும் ஈபேயில் விற்பனைக்கு வந்து, தலா 25,500 பவுண்டுக்குப் போயின. வாங்கியவருக்கும் அதே சட்டம்தான்.