35 வயசுக்கு மேல் படிக்கக் கூடாதவர்கள்

ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், செங்கம் ரோட்டு டீக்கடைகளில், இப்போது ஒரு புதுவகைச் சாமியாரைப் பார்க்கலாம். காவி கிடையாது. அரைக்கால் சட்டை, லேப்டாப் பை, வாடகை சைக்கிள். பெங்களூரிலோ கலிபோர்னியாவிலோ இருபது வருஷம் புரோகிராம் எழுதினவர். நாற்பதைத் தாண்டியதும் ‘போதும்’ என்று வேலையை விட்டவர். காலையில் மலைப்பாதை, மத்தியானம் போட்டோ எடுக்கிறது, சாயங்காலம் சமஸ்கிருதம். அடுத்த வருஷம் தத்துவத்தில் எம்.ஏ. சேரப் போகிறாராம். இதற்கு அவர் வைத்திருக்கிற பேர் தேடல்.

தேடட்டும். நாற்பத்தஞ்சு வயசில் புஸ்தகப் பையைத் தூக்குகிற எந்த மனுசனையும் கேலி பண்ண எனக்கு மனசு வராது. ஆனால் அந்த ரெண்டு வருஷத்துக்குச் சோறு எங்கேயிருந்து வருது? தாத்தா நிலம், அப்பா பென்ஷன், ஊரிலிருக்கும் வீட்டு வாடகை. மூணு தலைமுறை சேர்த்து வைத்த நேரம் அது. சாதி என்பது நிலத்தையும் கோயிலையும் மட்டுமா பங்கு போட்டது? ஓய்வையும் சேர்த்துத்தான் பங்கு போட்டது.

சேரியிலிருந்து கம்ப்யூட்டர் படித்துப் போன நம்ம பையனைப் பாருங்கள். முதல் சம்பளத்தில் கல்விக்கடன் தவணை. அப்புறம் தங்கச்சி கல்யாணம், தம்பி பீஸ், அம்மாவுக்குத் தளம் போட்ட வீடு. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இந்தத் தவணைகளின் வரிசை மனப்பாடம். நாற்பதில் அவன் வேலையை விட்டால் ஆறு பேர் சாப்பாடு நின்னுபோகும். கம்பெனி அவனை வெளியே அனுப்பினால்தான் அவனுக்கு ஓய்வு.

சுஜாதா கிட்லா அப்படித்தான் வெளியே வந்தார். ஆந்திரத்துத் தலித் கிறித்தவக் குடும்பம். வாரங்கல் பொறியியல் கல்லூரி, சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி, பிறகு நியூயார்க்கில் ஒரு வங்கியில் மென்பொருள் வேலை. 2009-ல் வேலை போச்சு. மலை ஏறவில்லை, சுரங்க ரயிலில் கண்டக்டரானார். அந்த வேலையில் இருந்துகொண்டே தன் அம்மாவின், மாமன் சத்தியமூர்த்தியின் வரலாற்றை எழுதி முடித்தார். ‘ஆன்ட்ஸ் அமாங் எலிபண்ட்ஸ்’ 2017-ல் வந்தது. இதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? (நான் கவிதை எழுதுவது தெரிந்தால் ‘நல்ல ஹாபி சார்’ என்பார்கள். வங்கிக்குத் தேவையான ஜே.ஏ.ஐ.ஐ.பி. பரீட்சை பாஸ் பண்ணினால் இன்கிரிமென்ட் உண்டு. எனக்குத் தேவையானதைப் படித்தால் அது ஹாபி.)

அரசாங்கம் என்ன செய்யுது? பட்டியல் சாதியினர் வெளிநாட்டில் உயர்படிப்புப் படிக்க ஒன்றிய அரசு தரும் உதவித்தொகைக்கு வயது வரம்பு 35. இடம் நாடு முழுக்க 125. மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையோ, ஒரு பட்டம் முடித்தவர் அதே நிலையில் வேறொரு பாடம் எடுத்தால் கிடையாது. பி.காம். படித்த ஒருத்தி தமிழ் படிக்க ஆசைப்பட்டு பி.ஏ. சேர்ந்தால் கைக்காசுதான். ஒரே தடவை, சின்ன வயசிலேயே, சோறு போடுகிற படிப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கோ, தப்பினால் கிடந்து சாவு என்கிற சட்டம் இது.

அம்பேத்கரே உதவித்தொகை தீர்ந்து 1917-ல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினவர்தான். சிடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, கோலாப்பூர் சாகு மகராஜ் உதவியும் நண்பர் நவல் பாத்தேனாவிடம் கடனும் வாங்கி, 1920-ல் மறுபடி கப்பலேறினார். 1923-ல் டி.எஸ்சி. அப்போது அவருக்கு 32 வயசு. அவருக்கே இத்தனை பேர் கை வேண்டியிருந்தது. ஐம்பதில் திரும்ப நினைக்கிற நம்ம ஆளுக்கு எந்தக் கை இருக்குது?

ஆசிரமத்துக்கு வருகிறவர் கையில் ‘நான் யார்?’ இருக்கும். ரமணர் காலத்திலேயே ஆசிரமப் பந்தியில் பார்ப்பனருக்குத் தனி வரிசை, நடுவில் தடுப்பு. அந்தக் கேள்விக்கு இதே மாவட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயில் வாசலே நமக்குப் பதில் சொல்லிக்கிட்டிருந்தது, எண்பது வருஷமா, 2023 ஜனவரி 30 வரைக்கும்.

மாணவத் தோழர்களே, உதவித்தொகை ஏன் தாமதம் என்று கேட்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். வயது வரம்பை எடு, ரெண்டாவது பட்டத்துக்கும் கொடு, வேலையில் இருக்கிறவர்களுக்குச் சம்பளத்தோடு படிப்பு விடுப்புக் கொடு என்பதையும் மனுவில் சேருங்க. விடுதிக்குள்ளேயே கையெழுத்து வாங்கி முடிச்சிடாதீங்க. ஊருக்குப் போகும்போது உங்க அம்மாக்கள்கிட்டேயும் வாங்கிட்டு வாங்க. எட்டாவதோட நிறுத்தப்பட்டவங்க அவங்கதான்.